நம்பாதசுந்தரம் சிகரட்டை விட்ட வரலாறு

"நான் பிறந்த நாள் தொடக்கம் இண்டு வரைக்கும், இன்னொரு மனிசன் சொன்னான் எண்டதுக்காக ஒரு காரியமும் செய்ததில்லை. இனிச் செய்யப்போறதுமில்லை. என்ர மூளைக்கு முதலாளி நான் ஒராள்தான்!"

இந்தப் பிரகடனத்தைத் திருவாளர் சிவபாதசுந்தரம் அவர்கள் செய்தருளிய இடம், கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் சாப்பாட்டு அறை. அப்போது அவர் இடியப்பப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சபையோர் எழுந்து நின்று கைதட்டவில்லை. அவர்களுக்கு அது மனப்பாடம். சம்பல் போதாத நாட்களில் பிரகடனம் சற்று நீளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் அந்தக் கம்பனியில் நட்டஈட்டுக் கோரிக்கைகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தர். வெள்ளம் வந்து சீனி மூட்டைகள் கரைந்துபோயின என்று ஒரு வியாபாரி விண்ணப்பித்தால், களஞ்சியத்துக்கு நேரில் போய், ஈரத் தரையைக் குனிந்து பார்த்து, "சீனி கரைஞ்சதெண்டால் எறும்பு எங்கை காணும்?" என்று கேட்பது அவரது கடமை. வியாபாரி ஓடிப்போய் எறும்பைக் காட்டினால், "இது உம்மட எறும்போ, பக்கத்துக் கடை எறும்போ?" என்று கேட்பது அவரது மேதைமை. கம்பனி அவரைக் கண்ணின் மணிபோலப் பாதுகாத்தது. கந்தோரில் அவருக்குப் பின்னால் 'நம்பாதசுந்தரம்' என்று பெயர். அப்படி ஒரு பெயர் தமக்கு இருப்பதாக ஒருவர் வந்து சொன்னபோது, அதையும் அவர் நம்பவில்லை.

இத்தகைய மனிதர் முழு மனதோடு நம்பிய பொருள் ஒன்று உலகில் இருந்தது. அது சிகரட். கோரிக்கைப் பத்திரம் ஒன்றை விரித்தால் ஒரு சிகரட். அதில் பொய்யைக் கண்டுபிடித்தால் மகிழ்ச்சியில் ஒன்று. பொய் அகப்படாவிட்டால் ஏமாற்றத்தில் இன்னொன்று. நெஞ்சுப்படம் பார்த்த டொக்டர், "இதை விட்டுவிடுங்கள்" என்று சொல்லியும் விடவில்லை. டொக்டரின் விரல் நுனியில் மஞ்சள் கறை இருந்ததை நம்மவர் பரிசோதகக் கண்ணால் பார்த்துவிட்டாராம். சாட்சியே குற்றவாளியாக இருக்கும்போது வழக்கு எப்படி நிற்கும்?

வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றின் முடிவில், மூன்றாம் மாடியில் அவரது வீடு. பிள்ளைகள் இருவரும் நோர்வேயில். வீட்டில் அவரும் மனைவி சரோஜினிதேவியும். சரோஜினிதேவிக்குச் சிறு வயது முதலே தொய்வு எனும் ஆஸ்துமா. நெஞ்சு இழுக்கத் தொடங்கினால் பக்கத்து அறைக்கும் கேட்கும். ஆகவே அந்த வீட்டில் நெடுங்காலமாக ஓர் உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது. சிகரட் பால்கனியில், சரோஜினிதேவி உள்ளே, நடுவில் கதவு, இறுகச் சாத்தியபடி. நாட்டில் எழுதப்பட்ட உடன்படிக்கைகள் பல கிழிந்துபோன காலத்தில் எழுதப்படாத இந்த ஒன்று கிழியாமல் கிடந்தது.

அதையும் யுத்தம் வந்து கிழித்தது.

பால்கனி கடலைப் பார்த்தது. கடலுக்கு முன்னால் ரயில் பாதை. ரயில் பாதையில் மாலையானால் ஆமிக்காரர் நடந்து திரிந்தார்கள். ஒருநாள் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம், கரண்டும் இல்லை. மூன்றாம் மாடி இருட்டில் சிவப்புப் பொட்டு ஒன்று கடலை நோக்கிப் பிரகாசிக்கிறது, மங்குகிறது, மறுபடி பிரகாசிக்கிறது. கீழே நின்ற சிப்பாய்க்கு அது சிகரட்டாகத் தெரியவில்லை. படகுக்குச் சிக்னலாகத் தெரிந்தது. டோர்ச் வெளிச்சம் மேலே பாய்ந்தது. அதற்குப் பின்னால், "எதுளட்ட யன்ன!" என்று ஓர் அதட்டல். உள்ளே போ என்று பொருள்.

மூளையின் முதலாளி உள்ளே வந்து, கதவைச் சாத்தி, மனைவியிடம் சொன்னார்: "காத்துக் குளிராய்க் கிடக்கு. அதுதான் வந்திட்டன்."

கொழும்பில் அன்று குளிர் என்ற சாமான் விற்பனைக்குக்கூட இல்லை.

அன்று முதல் சிகரட்டும் வீட்டுக்குள் குடிவந்தது. முதலில் குளியலறையில், பிறகு குசினி ஜன்னலோரத்தில், பிறகு எங்கும். ஜன்னலுக்கு வெளியே ஊதுவதாக அவர் சொன்னார். கடற்காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது. மாரி தொடங்கி, ஒரு பின்னேரம் சரோஜினிதேவிக்கு இழுத்த இழுப்பில் உதடு நீலமாகிவிட்டது. முச்சக்கரவண்டி பிடித்து, வழியில் மறித்த இடமெல்லாம் இறங்கி ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 'இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால்' என்று தொடங்கிய நேர்ஸ் வசனத்தை முடிக்கவில்லை. அந்த முடியாத வசனத்துக்கு மட்டும் நம்மவர் ஆதாரம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஓரளவு தேறியதும் சரோஜினிதேவி அலுமாரிக்கு மேலிருந்த பையை இறக்கினார்.

"இஞ்சருங்கோ, நான் அன்னபாக்கியம் அக்கா வீட்டை போகப்போறன்."

"கல்கிசைக்கோ? எத்தினை நாளைக்கு?"

"நாள்கணக்கு ஒண்டுமில்லை. போறன். அங்கை மூச்சு விடலாம்."

"நான் உம்மைப் போகச் சொன்னனானே?"

"நீங்கள் சொல்லேல்லை. உங்கட சிகரட் சொல்லுது. அது சொன்னால் நான் கேக்கத்தானே வேணும், எனக்கு உங்களை மாதிரி மனத்திடம் இல்லை."

அவர் சட்டைப் பையிலிருந்த சிகரட் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தைப்பொங்கல் வரைக்கும் பாக்கிறன்," என்றார் சரோஜினிதேவி. "பொங்கலண்டைக்கு இந்த வீட்டிலை ஒரு புகைதான் கிளம்பலாம். அது பானையிலையிருந்து கிளம்போணும்."

பை கட்டிலின் காலடியில் இருந்தது. உள்ளே நாலு சேலை, கம்பளிச் சால்வை, மூச்சு இழுத்தால் அடிக்கும் மருந்துப் பம்பு. பிறர் வீட்டுப் பொருட்களைச் சந்தேகத்தோடு பார்த்தே பழகிய கண்கள் இந்தப் பையைப் பார்த்தன. சந்தேகப்பட ஒரு சாமானும் கிடைக்கவில்லை. மனுஷி போவாள். போகாவிட்டால் அதைவிட மோசமாகப் போவாள்.

ஆகவே முதலாளி தம் மூளைக்குக் கட்டளையிட்டார்: இன்று முதல் சிகரட் இல்லை. மூளை அதைக் குறித்துக்கொண்டு, பரிசீலனைக்கு எடுத்து, காலைத் தேநீரோடு நிராகரித்தது. கராம்பு மென்றார். கல்லுச்சீனி சூப்பினார். ஒரு நாள் பென்சிலைக் கடித்து, ஈயம் நாக்கில் ஒட்டிக் கறுத்த வாயோடு ஒரு வியாபாரியை விசாரணை செய்தார். அந்த மனிதர் பயந்துபோய்க் கேளாத உண்மைகளையும் ஒப்புக்கொண்டதாகக் கம்பனியில் ஒரு கதை உண்டு. சிகரட் மட்டும் போகவில்லை.

இந்தக் கட்டத்தில் வரலாற்றுக்குள் நுழைகிறார் கிளறன்ஸ். கொட்டாஞ்சேனைக்காரர், அதே கம்பனியில் வாகன விபத்துப் பகுதி. முன்னொரு காலத்தில் சாராயத்தில் மிதந்தவர். திடீரென்று ஒரு நாள் தரை தட்டி, அதன்பின் சோடா தவிர வேறொன்றும் தொடாதவர்.

"ஐசே சிவா, நான் எப்படி விட்டேன்னு நெனைக்கிறீங்க?" என்றார், படிக்கட்டில் வைத்து.

"அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சனீர் எண்டு கேள்விப்பட்டன்."

"அந்தோனியாருக்கு வருஷா வருஷம் வச்சேன். அவருக்கே அலுத்துப்போச்சி. தெஹிவளையில ஒரு ஆள் இருக்கார், ஸாலிஹ்னு. ஹிப்னாட்டிசம். கண்ண மூடச் சொன்னார், மூடினேன். சாராயம் நாறுதுன்னார், நாறிச்சி. இன்னைக்கும் நாறுது ஐசே."

"உமக்கு அது சரிவரும். நீர் சொன்னால் கேக்கிற ஆள். என்னை மயக்கிறதுக்கு அந்தாளாலை ஏலாது."

"ஏலாட்டி ஏலாதுன்னு தெரிஞ்சிக்கலாமே. போய் அவரையும் ஒருக்கா பரிசோதிச்சிட்டு வாங்களேன்."

கிளறன்ஸ் கெட்டிக்காரர். 'போய்க் குணமாகுங்கள்' என்று சொல்லியிருந்தால் நம்மவர் போயிருக்க மாட்டார். பரிசோதிக்கச் சொன்னால் எங்கும் போவார்.

தெஹிவளையில், மச்சானின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஸாலிஹின் அறை. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனிதர்களைக் குரலால் தூங்கவைக்கும் கலையை அங்கேதான் தேர்ந்தார் என்று அவருடைய பழைய மாணவர்கள் சொல்வார்கள். மயங்குவோர் உற்றுப் பார்ப்பதற்காகச் சுவரில் பச்சை ஒட்டுப்பொட்டு ஒன்று, கீழே கடையில் எடுத்தது, ஒட்டியிருந்தது.

"சேர், அந்தப் பொட்டப் பாருங்க. பார்த்துட்டே இருங்க. கண் இமை ரெண்டும் பாரமாகுது..."

"எவ்வளவு பாரம்?"

"பாரம்னா... பாரம்தான் சேர்."

"வரேக்கையும் இதே பாரம்தான் இருந்தது. நீங்கள் சொன்னதாலை கூடினதெண்டு எப்பிடி நிரூபிக்கிறது?"

"கேள்வி கேக்கப்படாது சேர். நான் செல்றத மட்டும் கேட்டுட்டு ஈங்க. கண்ணு தானா மூடிக்கும்."

"ஒரு பொட்டைக் கனநேரம் பாத்தால் ஆருக்கும் கண் களைக்கும். அது உங்கட கெட்டித்தனமில்லை. பொட்டின்ர கெட்டித்தனம்."

ஸாலிஹ் ஆங்கிலத்துக்கு மாறிப் பார்த்தார். ஆங்கிலத்தில் நம்மவர் இன்னும் மோசம். கம்பனிக்கு வரும் கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தித் திருத்தி வாழ்ந்தவர், மயக்கும் வாக்கியங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தார். கைகள் இலேசாகின்றன என்றார் ஸாலிஹ். எந்தக் கை முதலில் என்று கேட்டார் நம்மவர். நீங்கள் ஓர் அமைதியான கடற்கரையில் நிற்கிறீர்கள் என்றார் ஸாலிஹ். அப்படி ஒரு கடற்கரை இப்போது எங்கே இருக்கிறது, ஆமியிடம் பாஸ் எடுத்தா போவது என்று கேட்டார் நம்மவர். ஸாலிஹ் தளரவில்லை. தாழ்ந்த குரலில், மெல்ல மெல்ல, மூச்சு உள்ளே போகிறது, மூச்சு வெளியே வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனார்.

அன்று பின்னேரம் அந்த அறையில் ஒருவர் மயங்கியது உண்மை. அது ஸாலிஹ்.

"சேர், எழும்புங்கோ, நேரமாகுது," என்று அவரைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டுச் சிவபாதசுந்தரம் படியிறங்கினார். தோற்றவர் முகத்தில் இருக்கவேண்டிய சோகம், வென்ற அவருடைய முகத்தில் இருந்தது. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. கடை வாசலிலேயே ஒரு சிகரட்டைப் பற்றவைத்தார்.

அதோடு முடிந்திருக்கும் இந்தக் கதை, அவர் ஏறிய பஸ்ஸிலேயே ஸாலிஹும் ஏறியிராவிட்டால். ஸாலிஹுக்குப் பம்பலப்பிட்டியில் ஓர் அலுவல். ஓடிவந்து ஏறி, நம்மவருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தார். பஸ் காலி வீதியில் கொஞ்சத் தூரம் வந்து, மணல்மூட்டை அடுக்கியிருந்த சோதனைச் சாவடியில் நின்றது. மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் மிதிபலகையில் கால் வைத்து, அக்கறையே இல்லாத குரலில், "ஒக்கொம பஹின்ன," என்றான். எல்லோரும் இறங்குங்கள் என்பது அதன் பொருள்.

சிப்பாயின் வாயிலிருந்து இரண்டாவது சொல் முழுதாக வந்து சேரவில்லை. அதற்குள் சிவபாதசுந்தரம் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்திலேயே வலது கை சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையோடு திரும்பி வந்தது. இடது கை பொலிஸ் பதிவுத் துண்டை எடுத்தது. இறங்கி, வரிசையில் நின்று, யாரும் சொல்லாமலே கைகளை உயர்த்தினார். எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை. எந்தக் கை முதலில் என்று கேட்கவில்லை. முகம் சாந்தமாக இருந்தது; கண்கள் தூரத்தில் எதையோ பார்த்தபடி எதையும் பாராமல் இருந்தன. "ஹரி, யன்ன," என்று போகச் சொன்னதும் நடந்தார், ஏறினார், இருந்த இடத்திலேயே வந்து இருந்தார். இருந்தபின் ஒருமுறை தலையை உலுக்கிக்கொண்டார், தூக்கத்திலிருந்து எழும்பியவர்போல.

ஸாலிஹ் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தம் தொழிலில் இவ்வளவு சுத்தமான மயக்கத்தை அவர் கண்டதில்லை. அதுவும் ஒரு சின்னப் பொடியன், பொட்டுக்கூட இல்லாமல்!

வெள்ளவத்தையில் இறங்கப்போன நம்மவரின் கையைப் பிடித்தார். "சேர், இன்னும் ஒரு தரம் வாங்க. சல்லி வாணாம். பொஞ்சாதியையும் கூட்டிட்டு வாங்க."

நம்மவர் மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மறுத்த வரலாற்றை மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்தபோது சரோஜினிதேவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கை வெளிக்கிடுறீர்?"

"அந்தாள் என்னையும் வரச்சொன்னவரெல்லே. நாளைக்குப் போறதுக்குச் செருப்பு சரியோ எண்டு பாக்கிறன்."

மறுநாள் பின்னேரம் சரோஜினிதேவி மூலையில் ஒரு முக்காலியில், மருந்துப் பம்பை மடியில் வைத்தபடி இருந்தார். நம்மவர் நடு அறையில், கேள்விகளோடு தயாராக நின்றார். ஸாலிஹ் பொட்டைக் காட்டவில்லை. மேசைக்குப் பின்னால் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, காலை அகட்டி நின்று, அக்கறையே இல்லாத ஒரு குரலில் சொன்னார்:

"வாடிவென்ன."

இருங்கள் என்ற அந்தச் சொல்லுக்குச் சிவபாதசுந்தரம் பொத்தென்று கதிரையில் இருந்தார்.

"எஸ் வஹன்ன."

கண்கள் மூடின. இமையின் பாரம் பற்றி விசாரணை எதுவும் நடக்கவில்லை. வலது கை மட்டும் தானாகச் சட்டைப் பைக்குப் போய், அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. ஸாலிஹ் அதை வாங்கி, முறைப்படி முன்னும் பின்னும் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். கலை என்றால் நுணுக்கமும் வேண்டும்.

பிறகு, "சிகரட் பொன்ன எபா," என்றார். சிகரட் குடிக்கவேண்டாம். அதட்டலில்லை, கெஞ்சலில்லை. மழைக்குக் குடை எடு என்று சொல்வதுபோலச் சொன்னார். நம்மவரின் தலை மெல்ல ஆடியது. இன்னும் இரண்டொரு முறை சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், "ஹரி, யன்ன," என்று முடித்தார் ஸாலிஹ்.

அங்கேதான் பிசகியது. போகச் சொன்னால் போகவேண்டியதுதானே! நம்மவர் எழுந்து, கண் மூடியபடியே கதவைத் தாண்டி, படியிறங்கி, கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவால் அடையாள அட்டையை ஏந்தியவாறு காலி வீதியை நோக்கி நடந்தார். ஸாலிஹ் ஓடிப்போய்ப் பிடித்து, நடைபாதையில் வைத்து எழுப்பி, மேலே கூட்டிவந்தார். அவரைத் தண்ணீர் குடிக்க உட்காரவைத்துவிட்டு, மூலையில் இருந்த சரோஜினிதேவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒங்கட மனிசர் தமிழ்ல செல்லக்கொள்ள யோசிக்கிறார். இங்கிலீஸ்ல செல்லக்கொள்ள திருத்துறார். சிங்களத்துல செல்லக்கொள்ள மட்டும் செய்றார். இது நான் படிப்பிச்சதில்ல. ரோட்டுல படிச்சது."

சரோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கிற இடத்தில் வேறேதோ வந்தது. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"அவருக்கு ஞாபகமிருக்குமோ?"

"சில பேருக்கு ஈக்கும், சில பேருக்கு ஈக்காது."

"இருக்காதெண்டே வைச்சுக்கொள்ளுவம். பாவம்."

பொங்கலன்று அந்த வீட்டில் பானையிலிருந்து மட்டுமே புகை கிளம்பியது. கட்டிலடியில் இருந்த பை அலுமாரிக்கு மேல் ஏறியது. சரோஜினிதேவியின் நெஞ்சு, மழைக்காலத்தில் கொஞ்சம் முனகுவதைத் தவிர, அடங்கிக் கிடந்தது.

சாப்பாட்டு அறையில் இரண்டாவது பிரகடனம் வெளியாயிற்று. "எல்லாம் மனக்கட்டுப்பாடு காணும். விடவேணுமெண்டு நினைச்சன், விட்டிட்டன். ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை." கிளறன்ஸ் சோடாவைக் குடித்தபடி, "சரி ஐசே," என்றார். அவருக்கும் விஷயம் தெரியாது. ஸாலிஹைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் வீட்டில் இருந்து, வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் நம்மவர் தம் மனத்திடத்தின் மகிமையை விளக்கும்போது, "ஓம், அவர் அப்பிடித்தான்," என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்.

வருடங்கள் போயின. ஸாலிஹ் மகளோடு கட்டாருக்குப் போய்விட்டார். ஆயினும் மருந்து தீரவில்லை. தீர வழியுமில்லை. காலையும் மாலையும் பஸ் மறிக்கப்பட்டது. இறங்கச் சொன்னார்கள், இருக்கச் சொன்னார்கள், போகச் சொன்னார்கள். ஸாலிஹ் போட்ட முடிச்சை நாள்தோறும் யாரோ ஒரு சிப்பாய், தானறியாமலே, இன்னொருமுறை இறுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். ஒரு தனிமனிதரின் நெஞ்சுச் சுகத்துக்காக அரசாங்கம் இவ்வளவு செலவு செய்தது உலகில் வேறெங்கும் நடந்திராது.

பிறகு ஒருநாள் சமாதானம் வந்தது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் தொடக்கம். யுத்தநிறுத்தம் என்றார்கள். மணல்மூட்டைகள் லொறியில் ஏறின. காலி வீதி திடீரென்று அகலமாகிவிட்டது போலிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறக்கப் போகிறதாம் என்று வெள்ளவத்தைச் சந்தையில் சனம் சிரித்துச் சிரித்துக் கதைத்தது. நாடு முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்ட அந்த நாட்களில், ஒரு மனிதர் மட்டும் நிலைகொள்ளாமல் திரிந்தார்.

வழக்கமாக மறிக்கும் இடம் வந்ததும் அவருடைய உடம்பு ஆசனத்தைவிட்டு ஓர் அங்குலம் தானாக எழும்பும். பஸ் நிற்காமல் போகும். உடம்பு மறுபடி இறங்கும். இப்படிச் சில வாரங்கள் போயின. பிறகு எழும்பவில்லை. அது எழும்பாத நாளில் வேறொன்று எழும்பியது. முன் ஆசனத்துக்காரர் குடித்துவிட்டு ஏறிய சிகரட்டின் மணம், மறந்துபோன ஊரின் மணம்போல வந்து மூக்கில் ஏறியது. அடுத்த வாரம் கனவில் வந்தது. அதற்கடுத்த வாரம் கந்தோர் வாசல் பெட்டிக்கடையில் நின்று, ஒன்றை வாங்கி, பற்றவைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. கடல் தெரிந்தது. ரயில் பாதையில் அதட்ட யாருமில்லை. நம்மவர் அங்கே போய் நின்றார்; நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்தார். உள்ளே குசினியில் சரோஜினிதேவி எதையோ அரிந்தபடி தமக்குள் ஒரு தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அடி முழுவதையும் ஒரே மூச்சில் பாடினார். ஒருகாலத்தில் அந்த அடிக்கு நடுவில் இரண்டு தரம் நின்று இளைத்தவர்.

சிவபாதசுந்தரம் நெருப்புப் பெட்டியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். சின்ன மேசையில் மனைவிக்கு எதிரே இருந்தார்.

"சரோ."

"என்ன?"

"ஸாலிஹ் சொன்னதை... உமக்கு ஞாபகமிருக்கோ?"

சரோஜினிதேவி கத்தியை வைத்தார். "உங்களுக்கு ஞாபகமிருக்கோ?"

"ஓம்." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். சீலைக்கடைக்குள்ளாலை நடந்ததுகூடத் தெரியும். நிக்கத்தான் ஏலாமல் இருந்தது."

"இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனீங்கள்."

"நீரும்தானே."

"அதை ஒருக்காச் சொல்லும்," என்றார் அவர். "அவர் சொன்ன மாதிரி."

சரோஜினிதேவி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் மீன்காரனிடம் படித்தது. தொண்டையைச் செருமி, "சிகரட் எபா மல்லி, கண ஹொந்தம நே," என்றார். சிகரட் வேண்டாம் தம்பி, விலை சரியில்லை என்ற கருத்தில் அது வந்து விழுந்தது. கண்ணை மூடியிருந்தவர் கண்ணைத் திறந்தார். இருவரும் சிரித்தார்கள். சரோஜினிதேவிக்குச் சிரிப்பில் ஒருமுறை இருமல் வந்தது. சிவபாதசுந்தரம் முகம் மாறி, மருந்துப் பம்பு எங்கே என்று தேட எழுந்தார்.

"இல்லை, இருங்கோ. இது சிரிச்ச இருமல்." சரோஜினிதேவி அவர் கையைப் பிடித்து இருத்தினார். "எனக்கு உது வராது. நான் தமிழிலை சொல்லுறன். கேட்டால் கேளுங்கோ."

அவர் இருந்தார்.

"சிகரட் குடியாதேங்கோ," என்றார் சரோஜினிதேவி. "எனக்கு நீங்களும் வேணும், மூச்சும் வேணும்."

சிவபாதசுந்தரம் சட்டைப் பையிலிருந்து சிகரட்டை எடுத்து மேசையில் வைத்தார். சரோஜினிதேவி அதைக் கத்தரிக்காய்க் காம்புகளோடு சேர்த்து ஒதுக்கிவிட்டு, கறிவேப்பிலைக் கொத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"இதை ஒருக்கா உருவித் தாங்கோ."

"ஓம்," என்று அவர் உருவத் தொடங்கினார்.